ஆறு நாற்பத்திரண்டு மணி வெயில்

அந்தக் கூடத்தில் அன்றைக்கு இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டுக்காரர் ராமலிங்கம் சார், அவர் மனைவி சரோஜா அம்மா, அம்மாவின் தம்பி குமரவேல், நான். ஐந்தாவதாக, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவர்கள் மகன் கார்த்திக், தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த போனுக்குள் இருந்தார். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் முதலாளி. கடலூர்க் கடையை விட்டு நகர முடியாது என்று சொல்லிவிட்டார். இன்னொருவர் அந்த வீட்டில் பாத்திரம் கழுவிக் கூட்டிப் பெருக்கிய செல்வராணி அக்கா. பேச்சு முழுக்க அவரைப் பற்றித்தான். ஆனால் அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முதலில் எனக்கும் தோன்றவில்லை. அதை மறைத்து எழுதினால் மிச்சம் எழுதுவதெல்லாம் பொய்யாகிவிடும்.

முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றவன் என்றால் சிரிப்பீர்கள். வீடுகளுக்கு கேமராவும் வெளிவிளக்கும் மாட்டும் தொழிலில் எட்டு வருஷம் இருந்துவிட்டு ஏணியைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. இப்போது ஒரு பயிற்சி நிலையத்தில் வயரிங் சொல்லிக் கொடுக்கிறேன். கடையில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் இன்னமும் போன் போடுவார்கள். போன மாதம் ஒருவர் புலம்பினார்: "அண்ணே, இப்ப பல்பு மாதிரியே கேமரா வந்துடுச்சுண்ணே. ஜனங்களே பார்சல்ல வாங்கி ஹோல்டர்ல திருகிக்கிறாங்க. நம்மள எவன் கூப்புடுவான்?"

"கூப்புடாட்டி போவுது. மாட்டுனதுக்கு அப்புறம் போனு ஒண்ணொண்ணா கேள்வி கேக்குதே, அத எவனாவது படிக்கிறானா?"

"யாருண்ணே படிக்கிறா? ஓகே, ஓகே, ஓகேதான்."

அந்த ஓகேவுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பண்ருட்டிப் பக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அப்பா பலாப்பழ மண்டியில் மூட்டை ஏற்றி இறக்கினார். அம்மா முந்திரி உடைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தார். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது பெண்கள் வரிசையில் நின்று மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். இருபது வருஷம் உதறியிருக்கிறார். ஒரு பருப்பு கீழே விழுந்ததில்லை. "பழகிடுச்சுடா" என்பார். எனக்குப் பழகவில்லை. டிப்ளமா முடித்தேன், இரண்டு கம்பெனியில் ஆறு ஆறு மாதம் இருந்தேன், அப்புறம் கடலூரில் முதலாளியின் கடைக்கு வந்தேன். படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

முதலாளி பெயர் நாகரத்தினம். முன்பு கேபிள் டிவி நடத்தியவர். என் பெயர் மதியழகன் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் எட்டு வருஷமும் "ஏய் டிப்ளமா" என்றுதான் கூப்பிட்டார். பெருமையா கேலியா என்று கடைசி வரை புரியவில்லை. கொட்டேஷனைப் பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதுவார். வாடிக்கையாளரிடம் முடியாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "பண்ணிக்கலாம் சார்" என்பார். காடாம்புலியூரில் ஒரு முந்திரித் தோப்புக்காரர், "கேமரா வேணாம், உள்ள செகப்பு லைட்டு எரியிற வெறுங்கூடு மட்டும் நாலு மாட்டு" என்று கேட்டார். அதற்கும் பண்ணிக்கலாம்தான். மாட்டிவிட்டு இறங்கும்போது தோப்புக்காரர் என்னிடம், "தம்பி, இது வெறுங்கூடுன்னு என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாத" என்றார்.

தொழில் தெரிந்த மனிதர், அதை மறுக்க மாட்டேன். ஒரு வீட்டுக்குப் போனால் முதல் கால் மணி நேரம் அவர் உள்ளேயே வர மாட்டார். தெருவில் நின்று பார்ப்பார். "வூட்டுக்காரன் கண்ணுல பாக்காத டிப்ளமா. எதிர்வூட்டு நாய் எங்க நின்னு கொலைக்கும்? அங்க நின்னு பாரு." பணம் குறைவாக இருந்தால் கேமராவில் குறைக்கச் சொல்வார், வெளிச்சத்தில் குறைக்க விட மாட்டார். நாலு கேமராவும் இருட்டுமாக இருப்பதைவிட, இரண்டு கேமராவும் நல்ல விளக்குமாக இருப்பது மேல். கேட்டுக்கு ஒன்று, பின்கட்டுக் கதவுக்கு ஒன்று. ஒன்பதடி உயரத்துக்கு மேல் போகாதே, போனால் தலைமுடிதான் தெரியும், முகம் தெரியாது. மேற்கே பார்த்து வைக்காதே, சாயங்காலம் படம் வெளுத்துவிடும். கேபிளில் மிச்சம் பிடிக்காதே. கடலூர் உப்புக்காற்று மலிவுக் கம்பியை இரண்டு மழைக்காலத்தில் பச்சையாக்கித் தின்றுவிடும். வாசலுக்கு, இருட்டினால் தானே எரிந்து விடிந்தால் தானே அணையும் பல்பு. சுவிட்ச் போட மறக்கிற வேலையே இல்லை. இவ்வளவையும் அவரிடம்தான் கற்றேன். இன்றைக்கும் இதில் ஒரு வரியை மாற்ற மாட்டேன்.

ஆனால் அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. மாட்டி முடித்து, படம் வந்து, காசு வாங்கிய பிறகு அந்த வீட்டுக்குத் திரும்பப் போவது அவருக்குப் பிடிக்காது. "போன்லயே சொல்லிக் குடு" என்பார். எவ்வளவு தூரமானாலும், எவ்வளவு சிக்கலானாலும், போன்லயே.

சிதம்பரத்தில் ராமலிங்கம் சார் வீட்டு வேலை ஆவணி மாதத்தில் வந்தது. அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் சிங்கப்பூரில் இருப்பதால் வயதான இருவர் மட்டும் வீட்டில். மகன் பயந்தார், அதனால் கேமரா. மூன்று கேமரா, கேட் தூணில் ஒரு பல்பு, பின்கட்டில் ஒரு பல்பு, படத்தைப் பதிந்து வைக்கும் பெட்டி ஒன்று. பேரத்தில் சார் ஒரு கேமராவைக் குறைத்து மாடிப்படிக்கு வேண்டாம் என்றார். அதில் குற்றமில்லை, நானும் அதையே சொல்லியிருப்பேன்.

ஏணியைப் பிடித்துக்கொண்டது செல்வராணி அக்கா. கீரப்பாளையம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து அந்தத் தெருவில் மூன்று வீடுகளில் வேலை செய்பவர். இந்த வீட்டில் பதினோரு வருஷம். நான் துளை போட்ட சிமென்ட் தூள் அவர் தலையில் விழ, முந்தானையால் தட்டிக்கொண்டே கேட்டார்:

"தம்பி, இது என்னையும் புடிக்குமா?"

"எல்லாரையும் புடிக்கும்க்கா."

"அப்ப கூட்டும்போதுகூட சிரிச்ச மூஞ்சியா இருக்கணும். வேலதான் ஜாஸ்தி ஆவுது."

சரோஜா அம்மா உள்ளே இருந்து, "அவளத்தான் மொதல்ல புடிக்கணும், தெனம் அர மணி நேரம் போன்ல பேசுறா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அது சிரிக்கிற பேச்சாகத்தான் அப்போது இருந்தது.

பெட்டியின் கடிகாரத்தை என் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் பிசகாமல் வைத்தேன். கேட் பல்பு எரிகிறதா என்று கையால் அதன் கண்ணை மூடிப் பார்த்தேன். எரிந்தது. அந்த வீட்டில் அப்போது இன்டர்நெட் இல்லை. கேமராப் படத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கூடத்து டிவியில் மாற்றிப் போட வேண்டும். அதற்கு அம்மாவின் சீரியலை நிறுத்த வேண்டும். ஆகவே நான் இறங்கி வந்த நாளுக்குப் பிறகு அந்தப் படத்தை அந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

மூன்று வாரம் கழித்து வீட்டில் நெட் போட்டார்கள். மகன் சிங்கப்பூரிலிருந்து கடைக்குப் போன் செய்தார், தன் போனிலேயே வீட்டைப் பார்க்க வேண்டும் என்று. நான் முதலாளியிடம், "ஒரு எட்டு போய்ட்டு வந்துடுறேன்" என்றேன்.

"எதுக்கு? பஸ்ஸு காசு, ஒரு நாள் வேல. போன்லயே சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன். இந்த ஆப்பை இறக்குங்கள், இந்த நம்பரைப் போடுங்கள், பெட்டியின் முழு அதிகாரமுள்ள பாஸ்வேர்டு இது. எல்லோருக்கும் அந்த முழு அதிகாரத்தையே கொடுத்துவிடுவது எங்கள் கடை வழக்கம். பார்க்க மட்டும் தனியாக ஒன்று போட்டுக் கொடுத்தால் நாளைக்கு நொய் நொய் என்று போன் வரும் என்பார் முதலாளி. நடுவில் மகன், "ஏதோ கேக்குது பாஸ், இங்கிலீஷ்ல நீளமா இருக்கு" என்றார். என் எதிரில் இரண்டு வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள்.

"என்ன கேட்டாலும் ஓகே குடுங்க சார்" என்றேன்.

எட்டு வருஷத்தில் நான் சொன்ன வாக்கியங்களில் இதைத்தான் திரும்ப வாங்கிக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முதலாளி என்னைக் கூப்பிட்டார். "சிதம்பரம் போ. ராமலிங்கம் சார் வூட்டுல மூணு பவுன் செயினு போயிடுச்சாம். வேலக்காரி மாட்டிக்கிட்டா, நம்ம கேமராவுலதான். ஸ்டேஷன்ல பென் டிரைவ் கேக்குறாங்க. போட்டுக் குடுத்துட்டு வா. பாத்தியா, நம்ம வேல எப்புடின்னு?" அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

பஸ்ஸில் போகும்போது எனக்கும் கொஞ்சம் பெருமை இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கூடத்தில் அவர்கள் என்னிடம் சொன்னதை, சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு சாரும் அம்மாவும் கடலூரில் ஒரு வரவேற்புக்குக் கிளம்பினார்கள். அம்மா கழுத்தில் தினமும் போடும் செயினைக் கழற்றிவிட்டுப் பெரிய நெக்லஸ் போட்டுக்கொண்டார். திரும்பி வந்து பார்த்தால் செயினைக் காணோம். மகனுக்குப் போன் போனது. மகன் சிங்கப்பூரில் உட்கார்ந்து அன்றைய பதிவில் ஐந்து மணியிலிருந்து தேடினார். ஆறு நாற்பத்திரண்டுக்கு, பூட்டிய வீட்டிலிருந்து, செல்வராணி அக்கா கையில் பையோடு கேட்டைத் திறந்து வெளியே போகிறார். மகன் அதைப் படம் பிடித்து அனுப்பினார். குமரவேல் அதைத் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் மற்ற இரண்டு வீடுகளும் வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டன. திங்கள்கிழமை முழுக்க அக்கா ஸ்டேஷன் பெஞ்சில். அன்றைக்கும் அங்கேதான்.

"நாலு மணிக்கே போயிட்டேன்னு சாதிக்கிறா தம்பி" என்றார் சரோஜா அம்மா. "போறேன்னு சொல்லிட்டு உள்ளயே ஒளிஞ்சிருந்து, பின்கட்டு வழியா வந்திருக்கா. பதினோரு வருஷம் சோறு போட்டேன்."

"மாமா, இதுக்கு மேல என்னா ஆதாரம் வேணும்?" என்றார் குமரவேல். "மணி அதுலயே போட்டிருக்கு. மனுஷன் பொய் சொல்லுவான், மெஷினு சொல்லாது. தம்பி, சீக்கிரம் காப்பி எடு, ஸ்டேஷன் ரைட்டர் காத்திருக்காரு."

நான் டிவியை மாற்றினேன். வெள்ளிக்கிழமைக்குப் போனேன். ஆறு நாற்பத்திரண்டு. அக்கா வருகிறார், கேட்டைத் திறக்கிறார், திரும்பி மூடுகிறார், கொக்கி மாட்டியதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்க்கிறார், போகிறார். நல்ல தெளிவு. என் வேலை. சேலையின் பச்சைகூடத் தெரிகிறது.

பச்சை எப்படித் தெரியும்?

இருட்டினால் அந்த கேமரா கறுப்பு வெள்ளைக்கு மாறிவிடும். கார்த்திகை மாதத்தில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டு. ஆனால் படத்தில் வெயில் அடிக்கிறது. கேட் கம்பிகளின் நிழல் தரையில் கோடு கோடாகக் கிடக்கிறது. தூணில் நான் மாட்டிய பல்பு அணைந்து கிடக்கிறது. இருட்டினால் தானே எரிகிற பல்பு.

பதிவை விட்டுவிட்டு, இப்போது ஓடுகிற படத்துக்கு மாற்றினேன். மூலையில் பதிமூன்று நாற்பது என்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பத்து.

இரண்டரை மணி நேரம். சிங்கப்பூருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை என்று கடலூர் மாவட்டத்தில் பால்காரரைக் கேட்டாலும் சொல்வார். அன்றைக்கு ஆப் கேட்ட நீளமான இங்கிலீஷ் கேள்வி என்ன என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டியின் நேரமும் உங்கள் போனின் நேரமும் பொருந்தவில்லை, மாற்றிவிடட்டுமா? ஓகே. முழு அதிகாரம் இருந்ததால் மாற்றியும் விட்டது. அன்றிலிருந்து சிதம்பரத்து வீட்டின் பெட்டி சிங்கப்பூர் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்த ஒரே ஆள் சிங்கப்பூரில் இருந்தார். அவர் கைக்கடிகாரத்துக்கு அது சரியாகவே இருந்தது.

வாசலுக்குப் போய் முதலாளிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"டிப்ளமா, நீ காப்பி எடுக்கத்தான போன?"

"ஆமா முதலாளி."

"காப்பி எடு. பஸ்ஸப் புடி. கிளாக்கு தப்புன்னு நம்ம வாயால சொன்னா, அப்புறம் தெருவுல ஒருத்தன் நம்மகிட்ட கேமரா வாங்குவானா?"

"ஒரு பொம்பள ஸ்டேஷன்ல ஒக்காந்திருக்கு முதலாளி."

"அது போலீசு பாத்துக்கும். அவுங்க படிச்சவங்க, கண்டுபுடிப்பாங்க."

அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. படிச்சவங்க. கூடத்தில் இருந்த மூன்று பேரும் படித்தவர்கள். சிங்கப்பூரில் இருப்பவர் இன்ஜினியர். நான்கு நாளாக அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். தெருவே பார்த்திருக்கிறது. ஒரு கண்ணுக்குக்கூட வெயில் தெரியவில்லையா? மூலையில் இருந்த நாலு எண்ணைப் படித்தார்கள், நடுவில் இருந்த பகலைப் பார்க்கவில்லை. அந்த கேட்டில் நின்றது அம்மாவுக்கு வேண்டிய ஒரு உறவுக்காரப் பெண்ணாக இருந்தால், "இருட்டுற நேரத்துல எப்புடி இவ்ளோ வெளிச்சம்?" என்று அதே கண்கள் கேட்டிருக்காதா?

உள்ளே வந்தேன். "சார், இந்த மணி தப்பு" என்றேன்.

குமரவேல் எழுந்துவிட்டார். "என்னா தம்பி, ஸ்டேஷன் வழியா வந்தியா? அவகிட்ட பேசிட்டு வந்தியா?"

"இல்லீங்க."

"அவ ஒனக்கு சொந்தமா?"

"அக்கான்னு கூப்புட்டேன், அவ்ளோதான். சார், இந்தப் படத்துல வெயில் அடிக்குது பாருங்க. பல்பு எரியல பாருங்க. சொவத்துல மணி என்னா, டிவியில மணி என்னா பாருங்க."

போனுக்குள் இருந்து மகன், "டைம் கரெக்டாத்தானே இருக்கு? ஒண்ணு நாப்பது" என்றார்.

"ஒங்களுக்கு கரெக்ட்டு சார். நீங்க சிங்கப்பூர்ல இருக்கீங்க."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சாருக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. "பல்பு சில நாளு எரியாம போறது உண்டே தம்பி" என்றார். சரி என்று பதிவை முன்னால் நகர்த்தினேன். அவர்கள் யாரும் செய்யாத காரியம் அது ஒன்றுதான். தேடிய ஆள் கிடைத்ததும் நிறுத்திவிட்டிருந்தார்கள். அதற்கு மேல் ஐம்பது நிமிஷம் போனால் போதும்.

மூலையில் ஏழு முப்பத்திரண்டு. கதவைத் திறந்துகொண்டு பட்டு வேட்டியில் ராமலிங்கம் சார் வருகிறார். பின்னால் சரோஜா அம்மா, பட்டுச் சேலை, கழுத்தில் நெக்லஸ். சார் கதவைப் பூட்டுகிறார், இழுத்துப் பார்க்கிறார். வானத்தில் வெளிச்சம்.

"சார், வரவேற்புக்கு எத்தன மணிக்குக் கெளம்புனீங்க?"

"அஞ்சு."

"இதுல என்ன மணி சார்?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி பார்த்தார். டிவியில் அவரே கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். செல்வராணி அக்கா போனது நாலு பன்னிரண்டு. அவர்கள் வீட்டில் இருக்கும்போதே, சொல்லிக்கொண்டு, தினமும் போகிற நேரத்துக்குப் போயிருக்கிறார், நாலரை பஸ்ஸுக்கு.

கூடத்தில் இருந்தவர்களில் யாராவது ஐயோ என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். சரோஜா அம்மா சொன்னது இது: "அப்ப செயினு எங்க?"

"அது எனக்குத் தெரியாதும்மா. ஸ்டேஷன்ல ஒக்காந்திருக்கவங்களுக்கும் தெரியாது."

"சரி, பென் டிரைவ் வேணாம், அப்புடியே வுட்டுடுவோம்" என்றார் குமரவேல். "நாமளே போயி நம்ம தப்புன்னு சொல்லிக்கிறதா மாமா? தானா ரெண்டு நாளுல வுட்டுடுவாங்க."

ரெண்டு நாளுல. எத்தனை லேசாகச் சொன்னார்! அந்த ரெண்டு நாளும் அந்தப் பெஞ்சில் இவர் உட்காருவாரா?

என் பையில் கடையின் சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகம் இருந்தது. எந்த வேலை செய்தாலும் அதில் எழுதி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகல் கொடுத்துவிட்டு வருவது முறை. நின்றபடியே எழுதினேன். பெட்டியின் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டு மணி முப்பது நிமிஷம் முன்னால் ஓடுகிறது. காரணம், போனில் இணைக்கும்போது நேரத்தைச் சரிபார்க்காதது. சரிபார்க்காதவர்: நான். பதிவில் ஆறு நாற்பத்திரண்டு என்பது உண்மையில் நாலு பன்னிரண்டு. பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாரிடம் நீட்டினேன்.

அவர் அந்தத் தாளை மூன்று முறை படித்திருப்பார். குமரவேல், "மாமா, வேணாம் மாமா" என்றுகொண்டே இருந்தார். கடைசியில் சார், "பேனா குடு" என்றார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கையெழுத்தை அவர் போட்டார் என்பதையும் எழுத வேண்டும்.

பென் டிரைவில் ஆறு நாற்பத்திரண்டை மட்டும் போடவில்லை. ஏழு முப்பத்திரண்டையும் சேர்த்துப் போட்டேன். பெட்டியின் கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு வைத்து, மகனின் ஆப்பில் பார்க்க மட்டும் அதிகாரம் கொடுத்து, மற்றதை எடுத்துவிட்டேன். பிறகு நானே ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

ரைட்டர் தாளைப் படித்தார், படத்தைப் பார்த்தார். "இதுக்குத்தான் கேமரா மாட்டுறீங்களாய்யா?" என்று என்னைத்தான் திட்டினார். வாங்கிக்கொண்டேன். வெளியே பெஞ்சில் செல்வராணி அக்கா சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே பச்சைச் சேலை.

"போலாமாம்க்கா. மணி தப்பா ஓடியிருக்கு. என் தப்புதான்."

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. "நாலு மணிக்குப் போனேன், நாலு மணிக்குப் போனேன்னு மூணு நாளா நான் கத்துனப்ப ஒருத்தரும் நம்பல. நீ ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்ததும் அஞ்சு நிமிஷத்துல நம்பிட்டாங்க. என்னா தம்பி அது?"

அந்தக் கேள்வியோடு கடலூர் பஸ் ஏறினேன்.

கடைக்குப் போனதும் முதலாளி கத்தினார், கத்தி முடித்தார், ஒரு வாரம் பேசவில்லை. அது கூடப் பரவாயில்லை. அடுத்த மாதம் கடலூரில் ஒரு வீட்டில் கொட்டேஷன் எழுதிக்கொண்டே அவர் சொல்லக் கேட்டேன்: "எங்க கேமரா ஒரு ஏழப் பொம்பளயத் திருட்டுப் பழியிலேருந்து காப்பாத்திச்சு சார், சிதம்பரத்துல. போலீசே அசந்துட்டாங்க." வாடிக்கையாளர் அசந்துவிட்டார். நான்கு கேமராவுக்கு ஆர்டர் கொடுத்தார். நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றேன்.

தை மாதம் ராமலிங்கம் சார் வீட்டில் கேமராக் கண்ணாடி துடைக்கக் கூப்பிட்டார்கள். சரோஜா அம்மா கழுத்தில் அந்தச் செயின் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார், சிரித்துக்கொண்டு. "பொங்கலுக்கு பேங்க் லாக்கரத் தொறந்தோம்பா. நெக்லஸ் வைக்கிற துணிப் பையிலயே இருந்துச்சு. நெக்லஸ எடுக்கும்போது நான்தான் இத உள்ள போட்டிருக்கேன் போல."

"செல்வராணி அக்காகிட்ட சொன்னீங்களாம்மா?"

"அவதான் வேலைக்கே வர்றதில்லையே."

"குரூப்புலயாவது போட்டீங்களா?"

"அத எதுக்குப் போயி, மறந்து போன விஷயத்த."

மறந்தது யார்? மூன்று பவுன் காணோம் என்று தெருவுக்கே அறிவித்தவர்களுக்கு, கிடைத்துவிட்டது என்று ஒரு வரி தட்ட விரல் வரவில்லை. அந்தப் படம் இன்னமும் அந்தத் தெருவின் எத்தனையோ போன்களில், ஆறு நாற்பத்திரண்டு என்ற எண்ணோடு கிடக்கிறது. என்னால் ஒரு பெட்டியின் கடிகாரத்தைத் திருத்த முடிந்தது, அவ்வளவுதான். இன்னும் இரண்டு வருஷம் அந்தக் கடையில் இருந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் ஏணியை மடக்கும்போது, வேலைக்காரப் பெண் யாராவது கேமராவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். எங்கள் அம்மா கொட்டகை வரிசையில் நிற்கிற மாதிரியே இருக்கும். இதைத்தான் நான் ஊர் ஊராக மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றிய பிறகு கை ஓடவில்லை. கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாட்டுங்கள், விளக்கும் போடுங்கள். ஆனால் ஒருவரைத் திருடி என்று சொல்வதற்கு முன்னால் படத்தை முழுக்கப் பாருங்கள். சொல்லப்பட்டவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாருங்கள். அதற்குக் காசு ஆகாது.

கேமராக் கண்ணாடி துடைத்த அந்தத் தை மாத நாளிலேயே, வேலை முடிந்ததும் கீரப்பாளையத்துக்கு பஸ் ஏறினேன். விசாரித்துக் கண்டுபிடித்தேன். செல்வராணி அக்கா வயலில் களை எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். செயின் கிடைத்த சேதியைச் சொன்னேன். "கெடைக்கும்னு எனக்குத் தெரியும். நான் எடுக்கலல்ல?" என்றார்.

சட்டைப் பையில் இருந்த பணத்தை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"நீ குடுத்தா அது ஒன் தப்புன்னு ஆயிடும் தம்பி. நீதான் அன்னைக்கே ஒத்துக்கிட்டியே. அவுங்க குடுத்தாதான் அது அவுங்க தப்பு."

"மொத்தம் எவ்ளோக்கா ஆச்சு?"

அவர் வீட்டுக்காரர் உள்ளே இருந்து, "சொல்லு, படிச்ச புள்ள, எழுதி வச்சிக்கட்டும்" என்றார். அக்கா விரல் விட்டார். ஸ்டேஷனுக்குப் போய் வந்த ஆட்டோ அறுநூறு. ஸ்டேஷனில் பேசி முடித்துத் தருவதாகச் சொல்லி ஒருவர் வாங்கிக்கொண்டு போனது இரண்டாயிரம். வேலை நின்ற மற்ற இரண்டு வீட்டில் இரண்டு மாதச் சம்பளம் எட்டாயிரம். ராமலிங்கம் சார் வீட்டுச் சம்பளத்தைச் சேர்க்க வேண்டாம் என்றார், கூப்பிட்டாலும் அங்கே போக மாட்டாராம். அப்புறம் மணிக்கட்டை நீட்டிக் காட்டினார். புதுசாக ஒரு கைக்கடிகாரம், முந்நூற்று ஐம்பது. "இனிமே எவனாவது கேட்டா நானும் மணி சொல்லுவேன்ல?"

நான் கூட்டிச் சொன்னேன். பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்.